நோயுற்ற கடல்மீனும் தனித்தொட்டியும்



'தனிமைப்படுத்தல்' என்னும் சொல் 2020-ஆம் ஆண்டிலே நம் வீடுகள்தோறும் புகுந்து, சிறு குழந்தையும் அறிந்த சொல்லாயிற்று. ஆயினும், அதன் பொருள் நம்மவர்க்குப் புதிதன்று. தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைப்பு நாடி வந்தோர், கடலைக் கடக்குமுன் மண்டபம் முகாமிலே நிறுத்திவைக்கப்பட்டனர். மலைநாட்டு முதியோர் அம்முகாமின் பெயரை இன்றும் கசப்போடுதான் உச்சரிப்பர். ஆங்கிலத்திலே 'குவாறன்ரைன்' என வழங்குஞ் சொல், நாற்பது என்னும் பொருள்தரும் இத்தாலியச் சொல்லின் வழிவந்தது. 1377-ஆம் ஆண்டில், இன்று துபுரோவ்னிக் எனப்படும் இறகூசா நகரத்தார், கொள்ளைநோய்க்கு அஞ்சி, நோயுள்ள ஊர்களிலிருந்து வந்தோரை முப்பது நாள் நகருக்குப் புறத்தே தங்கவைத்தனர். பின்னர் துறைமுகங்களிலே அது நாற்பதாக நீண்டது. முப்பதோ நாற்பதோ, அந்நாட்களின் கணக்கிலேதான் காரியம் தங்கியிருக்கிறது. இதனை நான் கற்றுக்கொண்டது மனிதரிடத்திலன்று. கண்ணாடித் தொட்டியிலே வளர்த்த ஒரு கடல்மீனிடத்தில்.

அம்மீன் நம் நாட்டுக் கடலுக்கு உரியது. இந்து சமுத்திரத்துப் பவளப்பாறைகளிலே, மாலைதீவு தொடக்கம் அந்தமான் தீவுகள் வரையும் அதனைக் காணலாம். உடல் வெளிறிய நீலம், முகம் கருமை, முதுகுச் செட்டை மஞ்சள், தாடையின்கீழ் ஒரு வெண்பட்டி. வாலின் அடியிலே, பக்கத்துக்கு ஒன்றாக, மடித்து வைத்த பேனாக்கத்தி போன்ற முள் உண்டு. அதுபற்றியே ஆங்கிலத்தில் அதனைச் சத்திரவைத்திய மீன் என்பர். பெனற் என்னும் ஆங்கிலேய விலங்கியலறிஞர் 1833-இல் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். அழகுமீன் வளர்ப்போர் யாவரும் விரும்பும் மீன் இது. அவர்களுள் பலர் அதனைக் கொன்றுவிடுகின்றனர் என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். கோமாளி மீன்களை இக்காலத்திலே தொட்டிகளிற் குஞ்சு பொரிக்கச் செய்து விற்கின்றனர். இந்த நீலமீனோ கடலிலே சுழியோடிகள் பிடித்துத் தருவது. ஒன்று இறந்தால் அதற்கு ஈடாகக் கடலிலிருந்து மற்றொன்றைப் பிடிக்கவேண்டும்.

முதலிலே நான் வாங்கிய மீனின் கதை நீண்டதன்று. சுழியோடி ஒருவர் கொண்டுவந்து தந்த அன்றே, அதனை என் பெரிய தொட்டியில் விட்டேன். அங்கே ஆறு மீன்களும், சில இறால்களும், ஒரு கடற்சாமந்தியும், மென்பவளங்களும் ஏலவே இருந்தன. பத்தாம் நாளிலே அதன் செட்டைகளில் உப்புப் பரல் ஒட்டினாற்போல வெண்புள்ளிகள் தோன்றின. மூன்று நாள் கழித்து ஒரு காலையிற் பார்த்தேன், புள்ளி ஒன்றுமில்லை. உணவிலே நான் பிழிந்துவிட்ட உள்ளிச்சாறே நோயைத் துரத்தியதென்று எண்ணி, வந்தவர் போனவர்க்கெல்லாம் அந்த வைத்தியத்தைச் சொல்லி மகிழ்ந்தேன். மேலும் ஒரு வாரஞ் செல்ல, ஏழு மீன்களுக்கும் உடலெங்கும் புள்ளி. அவை செவுள் விரிய மூச்சு வாங்கி, பாறைகளில் உடம்பை உராய்ந்துகொண்டு திரிந்தன. கடையொன்றிலே தந்த நீலநிற மருந்தைக் கரண்டிக் கணக்கிலே பெரிய தொட்டியில் ஊற்றினேன். மறுநாள் இறால்கள் மடிந்தன. அடுத்து மென்பவளமும் கடற்சாமந்தியும் அழுகின. அவ்வழுகலால் நீர் கெட்டு, மீன்களும் ஒவ்வொன்றாய் மாண்டன. கோமாளி மீன் ஒன்று மாத்திரம் எஞ்சியது.

இவ்வளவும் ஏன் நேர்ந்தன? அந்நோயின் வாழ்க்கை முறையை நான் அறியாததனால் நேர்ந்தன. சிறிது பொறுமையோடு கேட்பீர்களாயின், அதனைச் சொல்லிவிடுகிறேன்.

வெண்புள்ளி நோயை உண்டாக்குவது 'கிரிப்ரோக்கரியன்' எனப்படும் ஒருகலப் பிராணி. 1937-இல் யப்பானியரான சிக்காமா என்பவர் இதனை விவரித்தார். 1951-இல் இலண்டன் விலங்கியற் கழகத்தின் கூட்டக் குறிப்பொன்றிலே பிரவுண் என்னும் ஆராய்ச்சியாளர் இதற்கு இன்றைய பெயரை இட்டார். நன்னீர் மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோயும் பார்வைக்கு இதனை ஒத்ததே. ஆனால் அதனை உண்டாக்கும் உயிர் வேறு. நன்னீர்த் தொட்டியின் நீரைச் சூடாக்கி அந்நோயை ஓட்டியவர்கள், அதே முறையைக் கடல்மீனுக்குஞ் செய்து கைசலித்துப் போவது இதனாலேதான்.

இப்பிராணி மீனின் மேற்றோலின் அடியிலே புகுந்து, அங்கே தின்று வளர்கிறது. நாம் காணும் புள்ளி அதுவே; அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த அளவினது. தோல் அதனைப் போர்வைபோல் மூடியிருப்பதனால், நீரிலே கரைத்த மருந்து அதனைத் தீண்டமாட்டாது. மூன்று முதல் ஏழு நாள் வரை வளர்ந்தபின் அது தானாகவே மீனை விட்டு, பெரும்பாலும் இருட்டு வேளையில், கழன்று விழுகிறது. காலையில் எழுந்து பார்த்த நான் புள்ளிகளைக் காணாது மகிழ்ந்தேனே, அவை முதல்நாள் இரவு விழுந்தவை! நோய் மீனை விட்டுப் போயிருந்தது. தொட்டியை விட்டுப் போகவில்லை.

விழுந்த பிராணி சில மணி நேரம் ஊர்ந்து, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு கூட்டைக் கட்டிக்கொள்கிறது. அக்கூட்டினுள்ளே அது பிளந்து பிளந்து பெருகுகிறது. ஒரு கூட்டிலிருந்து இருநூறுக்கு மேற்பட்ட குஞ்சுகளும் வெளிவரலாம். சில கூடுகள் மூன்றாம் நாளிலேயே திறக்கின்றன. 72-ஆம் நாளிலே திறந்த கூட்டையும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். கூட்டினுள் இருக்கும்போதும் மருந்து அதனை அணுகாது. வெளிவந்த குஞ்சு நீந்திச் சென்று ஒரு மீனைப் பற்றவேண்டும். இரண்டு நாளுக்குள் மீன் அகப்படாவிடின் அது மாளும். அது போர்வையும் கூடுமின்றித் திரிவது அந்தச் சிறு பொழுதில் மாத்திரமே. செம்பு முதலிய மருந்துகள் கொல்லுவது அந்நிலையிலுள்ள குஞ்சுகளைத்தான். ஆகையால், இன்று மருந்திட்டு நாளை புள்ளி போயிற்றா என்று பார்ப்பதிற் பொருளில்லை. கூடுகள் திறந்து தீரும்வரை மருந்து நீரிலே குறையாமல் நிற்கவேண்டும்; அன்றேல், கூடு திறக்கும் இடத்திலே மீன் இல்லாதிருக்கவேண்டும். இந்நோய்க்கான முறைகளுட் பெரும்பாலானவை இவ்விரண்டின்பாற்படும்.

பெரிய தொட்டியிலே மருந்திடலாகாது என்பதற்குக் காரணமும் கூறவேண்டும். செம்பு, இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் நஞ்சு. அதுவுமன்றி, பவளக்கல்லும் சிப்பி மணலும் செம்பை உறிஞ்சிக்கொள்வன. கரண்டி கரண்டியாக ஊற்றினாலும் நீரிலே அளவு நில்லாது. உயிர்களைக் கொல்லுமளவு ஏறிப் பின்பு நோயைக் கொல்லமாட்டாத அளவுக்கு இறங்கிவிடும். என் தொட்டியில் நடந்தது இதுவே. அந்தப் பாறைகளைப் பின்னர் நான் வெளியே எறிய நேர்ந்தது. அவற்றிலே ஊறிய செம்பு மெல்ல மெல்லக் கசிந்துகொண்டிருக்கும்.

ஐந்து மாதங் கழித்து, அதே இனத்து நீலமீன் ஒன்றை மீண்டும் வாங்கினேன். வேண்டாமென்று வீட்டார் தடுத்தனர். அவர்கள் தடுத்தது நியாயமே. இம்முறை மீனைப் பெரிய தொட்டிக்குக் கொண்டுசெல்லாது, வேறோர் அறையிலே தனித்தொட்டியொன்றை ஆயத்தஞ் செய்தேன். ஆயத்தம் என்றால் ஆடம்பரம் ஏதுமில்லை. அறுபது லீற்றர் கொள்ளும் வெறுந்தொட்டி, மணலில்லை, கல்லில்லை. மீன் ஒளிந்துகொள்ள அகன்ற பிளாத்திக்குக் குழாய்த் துண்டுகள் இரண்டு. நீருக்குக் காற்றூட்டும் சிறு பம்பி ஒன்று, வெப்பமானி ஒன்று. மேலே ஒரு மூடி. இவ்வினமீன் துள்ளி வெளியே விழக்கூடியது. ஒளியை மங்கலாக வைத்தேன். அழகுக்காக வைக்கப்படும் எதுவும் அங்கே இருத்தலாகாது. கல்லும் மணலும் இருந்தால், ஒட்டுண்ணி கூடு கட்ட இடங்கொடுத்தவராவோம்.

நீரைப்பற்றியும் ஒரு வார்த்தை. கடற்கரையிலே வாழ்வோர், கடலில் மொண்ட நீரே போதாதா என்று கேட்பர். அந்நீரோடு நோயும் வரக்கூடும். கறியுப்பைக் கரைத்தால் அது கடலாகிவிடாது. கடல்நீரிலே கல்சியமும் மகனீசியமும் பிறவும் சேர்ந்திருக்கின்றன. மீன்தொட்டிக்கென விற்கப்படும் கடலுப்புக் கலவையே தக்கது. லீற்றர் ஒன்றுக்கு 35 கிராம் அளவில், அறுபது லீற்றருக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம் வேண்டும். குழாய்நீராயின் குளோரினை நீக்கிய பின்னரே உப்பைக் கரைக்கவேண்டும். உவர்ப்பும் வெப்பமும் மீன் இருந்த நீரோடு ஒத்திருத்தல் அவசியம்.

நான்காம் நாளிலே, எதிர்பார்த்தபடியே, வால்செட்டையிலே மூன்று புள்ளிகள் தெரிந்தன. மனம் துணுக்குற்றாலும், பழைய அச்சம் இல்லை. இந்நோய்தானா என்று நிச்சயஞ் செய்வதே முதல் வேலை. புள்ளிகள் உப்புப் பரல்போல எண்ணக்கூடியனவாக இருந்தால், பெரும்பாலும் வெண்புள்ளி நோய். மஞ்சள் மாவைத் தூவினாற்போல மிக நுண்ணிய படலமாக இருந்து, மீன் நீரோட்டத்தை நோக்கி நின்று வேகமாக மூச்சு வாங்கினால், அது 'அமிலூடினியம்' என்னும் வேறொரு பிராணியால் வரும் நோய். அதனை 1931-இல் விவரித்தவரும் முற்கூறிய பிரவுண்தான். அது ஓரிரு நாளிலே மீனைக் கொல்லவல்லது. அதற்கு உடனே செம்பு மருந்து தேவை. என் மீனுக்கு வந்தது முன்னையது; எண்ணினால் பதினொரு புள்ளிகள்.

நான் கைக்கொண்டது மருந்தில்லா முறை. தொட்டிமாற்று முறை எனலாம். இசுரவேலின் எயிலாத் நகரிலே கடல்மீன் வளர்ப்பு ஆராய்ச்சி செய்த கொலோர்னி என்பவர் 1980-களிலே இதனை ஆய்ந்து எழுதினார். இதன் நுட்பம் எளிது. மீனை விட்டு விழுந்த ஒட்டுண்ணி மறுபடி மீனைப் பற்றுவதற்குக் குறைந்தது மூன்று நாளாகும் அன்றோ? அம்மூன்று நாள் முடியுமுன்னே மீனைப் புதுத்தொட்டிக்கு மாற்றிவிட்டால், விழுந்தவை யாவும் பழைய தொட்டியிலே கிடக்கும். மீனின் உடலில் எஞ்சியவை அடுத்த தொட்டியில் விழும். அவற்றையும் விட்டு நீங்கவேண்டும். இவ்வாறு மூன்று நாளுக்கு ஒருமுறையாக நான்கு தடவை மாற்றின், எல்லாம் விழுந்து தீரும். முதல் நாள் தொடங்கி, 4, 7, 10, 13 ஆகிய நாட்களிலே மாற்றம். இரு தொட்டிகள் போதும். ஒன்றிலே மீன் இருக்க, மற்றையதைக் கழுவி வெயிலிலே நன்றாக உலரவிடலாம்; ஈரம் அறவே நீங்கினால் கூடுகள் பிழையா. ஐந்து முறை நீர் நிரப்பப் பத்தரைக் கிலோகிராம் உப்புச் செலவாயிற்று.

மாற்றும்போது வலை உதவாது. வாலடி முள் வலையிலே சிக்கி, மீன் தன்னையே கிழித்துக்கொள்ளும். சமையலறையிலே அரிசி வடிக்கும் பிளாத்திக்குக் கூடையொன்றை வாங்கி வைத்திருந்தேன். அதனால் நீர் வடிய ஏந்தி, பழைய நீர் இயன்றவரை சேராமல் புதுத்தொட்டியில் விட்டேன். கூடையும் குழாய்த் துண்டும் காற்றுக் குழலும் ஒவ்வொரு முறையும் உலர்ந்த புதியவையாக இருத்தல் வேண்டும். ஒரு துளி ஈரத்துடன் பழைய கூடையைப் பயன்படுத்தினால் ஆறு நாள் வேலை பாழாகும். மாற்றும் நேரம் எழுபத்திரண்டு மணியைத் தாண்டலாகாது. 'இன்று மழை, நாளைக்குப் பார்க்கலாம்' என்னும் பேச்சு இங்கே செல்லாது.

இம்முறையிலே எனக்குத் துன்பந் தந்தது ஒட்டுண்ணியன்று, அமோனியா. புதுத்தொட்டியிலே, மீனின் கழிவை நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியாக்கள் இல்லை. அறுபது லீற்றரிலே ஒரு மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் இரண்டாம் நாளிலேயே அமோனியாவைப் பெருக்கிவிடும். அமோனியா செவுளை அரிக்கும். செவுளிலேதானே இந்நோயும் மிகுதியாகத் தாக்குகிறது. ஏழாம் நாளிலே மீன் உணவை வெறுத்து, குழாய்க்குள்ளே நிறம் வெளிறிக் கிடந்தது. நோய் முற்றிவிட்டதென்று நான் எண்ணினேன். சோதனைக் குழாயிலே நீரை எடுத்து அமோனியா அளவைப் பார்த்தபின்புதான், நானே அதனை நஞ்சூட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதுமுதல் நாள்தோறும் காலையிலே நாலிலொரு பங்கு நீரை மாற்றினேன். காய்ந்த கடற்பாசித் துண்டைக் கவ்வியிலே மாட்டித் தொங்கவிட்டு, தின்னாததை ஒரு மணி நேரத்திலே எடுத்துவிட்டேன். பத்தாம் நாள் அப்பாசியின் ஓரத்திலே சிறு சிறு கடிகள் தெரிந்தன.

செம்பு முறையை விரும்புவோர்க்கும், நான் சொன்ன மற்றைய நோய்க்கு ஆளான மீனை உடையோர்க்கும், அளவைச் சொல்லிவைக்கிறேன். நீரிலே கரைந்த செம்பு லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை இருக்கவேண்டும். அதற்குக் கீழே பயனில்லை; மேலே சென்றால் மீனுக்குத் தீங்கு. நாம் மயில்துத்தம் என வழங்கும் செப்புச் சல்பேற்றிலே நிறையின் நாலிலொரு பங்கு மாத்திரமே செம்பு. ஒரு கிராமை ஒரு லீற்றர் காய்ச்சிவடித்த நீரிலே கரைத்தால், மில்லிலீற்றர் ஒன்றில் கால் மில்லிகிராம் செம்பு இருக்கும். நூறு லீற்றர் தொட்டிக்கு 15 மில்லிகிராம் செம்பு வேண்டும். அதாவது அக்கரைசலில் ஏறத்தாழ 60 மில்லிலீற்றர். இதனை ஒரே நாளில் ஊற்றாது, மூன்று நாளிலே சிறிது சிறிதாகச் சேர்த்து, நாளுக்கு இருமுறை செம்பின் அளவைச் சோதித்து, குறைந்ததை ஈடுசெய்து, மூன்று வாரமாவது நிறுத்தவேண்டும். நீர் மாற்றும்போதும் அப்புது நீருக்குரிய செம்பைச் சேர்த்தல் வேண்டும். தோட்டத்துக்கு விற்கும் மயில்துத்தம் வேண்டாம். இரசாயனச் சுத்தமுள்ளதே ஆகும். புட்டியிலே விற்கும் சில மருந்துகளிலே செம்பு வேறு பொருளோடு பிணைக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு இவ்வளவு பொருந்தாது, புட்டியின் மேலுள்ள அளவையே கொள்க. சோதனைக் கருவி இல்லாதவர் செம்பைத் தொடாதிருப்பதே நன்று.

உவர்ப்பைப் பாதிக்குங் கீழே குறைத்து வைத்திருக்கும் முறையும் ஒன்றுண்டு. அளவு சிறிது பிசகினாலும் அது பலியாது; குறைந்த உவர்ப்பைத் தாங்கும் ஒட்டுண்ணி வகைகளும் காணப்பட்டுள்ளன. அதனால் அதனை நான் கையாளவில்லை.

பதின்மூன்றாம் நாள் மாற்றம் முடிந்தது. மீன் தெளிந்திருந்தது. ஆனால் கதை முடியவில்லை. பெரிய தொட்டியிலே அந்தக் கோமாளி மீன் தனியே இருந்ததல்லவா? ஐந்து மாதமாக அதன்மேல் ஒரு புள்ளியும் நான் கண்டதில்லை. ஆயினும், நோயிலே தப்பிய மீனுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி உண்டாகி, அது ஆறு மாதம் வரை நிலைக்கலாம் என்று மடவை இன மீனொன்றிலே செய்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அத்தகைய மீனின் செவுளிலே சில ஒட்டுண்ணிகள் கண்ணுக்குப் புலப்படாது வாழ்ந்து, தொட்டியிலே நோயை அழியாமல் வைத்திருக்கும். அதற்கு நோயில்லை, நோயின் வீடு அது. குணமடைந்த மீனை அங்கே கொண்டுசென்று விட்டால், பதின்மூன்று நாளும் பத்தரைக் கிலோ உப்பும் வீணாகும்.

ஒரு குறையுமின்றி நீந்திக்கொண்டிருந்த அச்சிறு மீனைப் பிடித்து வெளியேற்ற எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் தாமதித்தேன். ஏழு மீனிலே தப்பிய ஒன்று. அதனை வருத்துவானேன் என்று வீட்டிலே கேட்டனர். மூன்றாம் நாள் காலை அதனையும் பிடித்து, அதே பதின்மூன்று நாள் வழியிலே நடத்தினேன். நீலமீனை அதுவரையும் வேறு தொட்டியிலே, பன்னிரண்டு அடிக்கு அப்பால், வேறு கூடை, வேறு வாளியோடு வைத்திருந்தேன். தொட்டியில் எழும் காற்றுக் குமிழி தெறிக்கும் நுண்துளியோடு அமிலூடினியம் மூன்று மீற்றர் தூரம் போகக்கூடும் என்று ஆராய்ச்சியிலே காட்டியிருக்கின்றனர். வெண்புள்ளிக்கு அவ்வளவு அஞ்சவேண்டியதில்லையாயினும், இடம் இருக்கும்போது எட்ட வைப்பதில் நட்டமில்லை.

கோமாளி மீன் வெளியேறிய நாளிலிருந்து பெரிய தொட்டி மீனில்லாது கிடந்தது. அங்கே பம்பி ஓடியது, விளக்கு எரிந்தது, புதுப்பாறைகளிலே பாசி படர்ந்தது, நீந்துவதற்கு ஒன்றுமில்லை. பார்க்க வந்தவர்கள், மீன் இல்லாத தொட்டிக்கு மின்சாரக் காசு எதற்கு என்று சிரித்தனர். கூடுகளிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் மீனைத் தேடி அலைந்து, காணாது மடிவதற்காக அந்தக் காசு செலவாயிற்று. நாட்காட்டியிலே நாளொன்றுக்கு ஒரு கோடாகக் கிழித்து வந்தேன். 72 கோடுகள் ஆனபின்னும், என் எண்ணிக்கையில் பிழை இருக்கக்கூடுமென்று மேலும் நான்கு நாள் பொறுத்தேன்.

எழுபத்தாறாம் நாள் மாலை, விளக்கை அணைத்துவிட்டு, முதலிலே கோமாளி மீனையும் சிறிது கழித்து நீலமீனையும் பெரிய தொட்டியில் விட்டேன். நீலமீன் ஒரு பாறையின் பின்னே போய் மறைந்தது. விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது, அது அப்பாறையின் மேற்புறத்திலே படர்ந்திருந்த பாசியைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தது. கண்ணாடியருகே குனிந்து, அதன் செட்டைகளிலே புள்ளி உண்டோ என்று எண்ணத் தொடங்கினேன். இன்றும் காலைதோறும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.